எல்ம் மரங்களுக்குக் குறியிடுபவர்

எடின்பரோவில் ஜூலை பிறந்துவிட்டால், பூங்காக்களில் அண்ணாந்து பார்த்தபடி நடப்பவர்கள் இரண்டு வகையினர். கோட்டையையும் கோபுரங்களையும் காண வந்த வெளியூர்க்காரர்கள் ஒரு வகை. மற்றொரு வகையில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் ஹெக்டர் லம்ஸ்டன்.

ஹெக்டர் பார்ப்பது எல்ம் மரங்களின் உச்சிக் கிளைகளை. பச்சைக்கு நடுவே ஏதேனும் ஒரு கொப்பு மட்டும், இலையுதிர்காலம் வழிதவறி வந்து அமர்ந்ததுபோல, மஞ்சளாகி வாடித் தொங்குகிறதா என்று தேடுவார். கண்டுவிட்டால், நீண்ட கழியின் முனையில் பொருத்திய கத்தரியால் அதிலிருந்து ஒரு சுள்ளியை வெட்டி வீழ்த்துவார். மடக்குக் கத்தியால் அதன் பட்டையைச் சீவுவார். உள்ளே வெண்மையாக இருந்தால் சுள்ளியை எறிந்துவிட்டு அடுத்த மரத்துக்கு நடப்பார். பழுப்புக் கோடுகள் ஓடியிருந்தால், தோள்பையிலிருந்து ஆரஞ்சு வண்ணப் புட்டியை எடுத்து, அடித்தண்டில் மார்பளவு உயரத்தில் ஒரு சிலுவைக்குறி போடுவார். குறி விழுந்த மரம் மூன்று வாரத்துக்குமேல் நிற்பதில்லை.

நோய் ஒரு பூஞ்சை. அதைச் சுமந்து திரிவது அரிசியளவே உள்ள ஒரு வண்டு. மருந்து கிடையாது. நோய்ப்பட்டதை உடனே வெட்டினால் பக்கத்து மரம் பிழைக்கும் என்பது ஒன்றுதான் ஊருக்குத் தெரிந்த வைத்தியம். தெற்கே எத்தனையோ நகரங்கள் தம் எல்ம் மரங்களையெல்லாம் இழந்துவிட்ட பிறகும் எடின்பரோவில் ஆயிரக்கணக்கான மரங்கள் நின்றன என்றால், அதற்கு ஹெக்டரைப் போன்ற சிலர் தயவு தாட்சணியமின்றி இட்ட சிலுவைகளே காரணம்.

திங்கட்கிழமை கால்ட்டன் குன்று. செவ்வாய்க்கிழமை தாவரவியல் தோட்டத்தின் வெளிமதில். புதன்கிழமை லீத் ஆற்றங்கரை. வியாழக்கிழமை ஆர்தர் சீட் மலையடிவாரம். வெள்ளிக்கிழமை கடலோரத் திடல்கள். இருபத்தேழு கோடைக்காலங்களாக இந்த முறை பிசகவில்லை. பகல் ஒரு மணியை அறிவிக்கும் பீரங்கி கோட்டையில் முழங்கும்போது எங்கே நிற்கிறாரோ அங்கேயே அமர்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிப்பார். அவரைக் கண்டால் ஊரார் முகம் சுளிப்பது வாடிக்கை.

"வந்துட்டாருய்யா சவப்பெட்டிக்காரரு" என்பார் கால்ட்டன் குன்றில் நாயோடு உலாவரும் ஒரு பெரியவர்.

"உங்களை அளவெடுக்க வரலைங்க. மரத்தை மட்டும்தான்" என்பார் ஹெக்டர்.

"என்னை அளவெடுக்க வேற ஆளு இருக்கு. என் மருமக."

இத்தகைய பேச்சுகள் ஹெக்டரைத் தைத்ததில்லை. தாம் கைவைக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் ஈடாகப் பத்து மரங்கள் நிற்கின்றன என்று அவர் கணக்கறிந்தவர்போல் நம்பினார். அந்த நம்பிக்கையே அவருடைய முதுகெலும்பு.

லீத் பகுதியில், குவாரி திடலின் வடக்கு எல்லையில், பழைய கல் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் அவர் குடியிருந்தார். மின்தூக்கி இல்லாத கட்டடம், அறுபத்துநான்கு படிகள். அவருடைய மனைவி நெட்டா இருபத்திரண்டு ஆண்டுகள் சுற்றுலாப் பேருந்தின் மாடியில் நின்று, ஒலிபெருக்கியைப் பிடித்து, வந்தவர்க்கெல்லாம் ஊரைக் காட்டியவர். பிறகு முடக்குவாதம் முழங்கால்களைப் பிடித்தது. மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்ட நாள்களை நீக்கினால், ஆறு ஆண்டுகளாக அவர் அந்தப் படிகளில் இறங்கியதில்லை.

ஆனால் அந்த வீட்டின் முன்னறை ஜன்னலுக்கு நேரெதிரே பத்தொன்பது எல்ம் மரங்கள் ஒரே வரிசையில் நின்றன. நெட்டாவுக்கு இனி உலகம் என்று இருந்தது அவ்வளவே. இடக்கோடியிலிருந்து எண்ணி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வைத்திருந்தார். மூன்றாவது மரத்தில் காக்கைகள் சண்டையிடும். ஏழாவது எப்போதும் ஒரு வாரம் பிந்தியே துளிர்க்கும். பதினான்காவதன் அடியில் மாலை நான்கு மணிக்கு ஒரு செவிலியர் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, புல்லில் கால் நீட்டி அமர்வார். மழை வருவதை வானத்தைப் பார்த்தல்ல, இலைகள் புரண்டு வெளிறுவதைப் பார்த்தே நெட்டா சொல்லிவிடுவார்.

"ஊரெல்லாம் சுத்திட்டு வர்றியே, என்ன பாத்தே?" என்று ஹெக்டரை மாலையில் கேட்பார்.

"மரம்."

"நானும் அதைத்தான் பாத்தேன். உக்காந்த இடத்துலயே."

ஒரே ஒரு குறை இருந்தது. பழைய காலத்துக் கட்டடம். ஜன்னலின் கீழ்விளிம்பு உயரம். சாய்வு நாற்காலியில் அமர்ந்தால் மரங்களின் மேற்பாதிதான் தெரியும். உயரமான முக்காலியில் அமர்ந்தால் முழு வரிசையும் தெரியும்; ஆனால் அரைமணியில் முதுகு பிடித்துக்கொள்ளும். முதுகுக்குச் சாய்வும் கைக்குப் பிடியும் உள்ள ஓர் உயர நாற்காலியைத் தம் கையாலேயே செய்து தருவதென்று ஹெக்டர் முடிவு செய்தார். எல்ம் மரத்தின் இழைகள் ஒன்றையொன்று பின்னி வளர்பவை. நாற்காலிப் பலகைக்கு அதைவிட உறுதியான மரமில்லை.

மரமும் தானாகவே வந்தது. அந்த ஜனவரியில் அடித்த புயலில், பழைய கல்லறைத் தோட்டமொன்றில் ஒரு பெரிய எல்ம் வேரோடு சாய்ந்தது. ஹெக்டர் போய்ச் சோதித்தார். நோய் இல்லை, நனைந்த மண்ணும் காற்றும் செய்த வேலை. மரம் வெட்டும் குழுவின் தலைவி செங்கா, இரம்பத்தை அணைத்துவிட்டு, கல்லறைக் கல்லொன்றில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஹெக்டரோடு பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். வாய்த்துடுக்கில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"செங்கா, இந்த அடித்தண்டுல எனக்கு அஞ்சு துண்டு வேணும்."

"எதுக்கு? உயிரோட இருக்கறதுக்குச் சிலுவை போட்டது போதாதுன்னு, செத்ததுக்கும் போடப்போறியா?"

"நெட்டாவுக்கு நாற்காலி செய்யணும். ஒசரமா, கைப்பிடி வெச்சு."

"நீயா? போன வருஷம் நீ செஞ்ச பறவைக்கூட்டுக்கு இன்னும் ஒரு குருவிகூடக் குடிவரலையாமே."

"குருவிக்கு ரசனை பத்தாது."

செங்கா சிரித்தார். "எடுத்துக்கய்யா. வண்டியில நானே ஏத்திவிடறேன். பட்டையை மட்டும் உரிச்சிடு. ஊருக்கெல்லாம் சொல்றவன் நீ."

"உரிச்சா சட்டுனு காஞ்சு வெடிச்சிடும். பட்டையோட ரெண்டு வருஷம் மெதுவாக் காயணும். வெடிச்ச பலகையில அவ உக்காந்தா தொடையில கிள்ளும்."

"வண்டு வந்தா?"

"நோயில்லாத மரம், செங்கா. எட்டு எடத்துல சீவிப் பாத்துட்டேன். பாலாட்டம் இருக்கு."

"நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று செங்கா கோப்பையைக் கவிழ்த்து உதறினார்.

அங்கேதான் பிழை நேர்ந்தது. அதுவும் தெரியாமல் நேர்ந்த பிழையன்று. வீழ்ந்த எல்ம் கட்டையின் பட்டையை ஏப்ரல் முடிவதற்குள் உரித்துவிட வேண்டும் என்பது விதி. அந்த விதியை அச்சிட்ட தாளை ஆண்டுதோறும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர் ஹெக்டரே. கட்டை நோயுற்றதா அல்லாததா என்று வண்டு பார்ப்பதில்லை. புதிதாகச் செத்த பட்டை எங்கே இருந்தாலும் அதனுள் முட்டையிடும். தன் உடம்பில் ஒட்டிவந்த பூஞ்சையை அங்கே விதைத்துவிடும். குஞ்சுகள் அதைச் சுமந்துகொண்டு வெளியேறும். இவ்வளவையும் பிறருக்கு விளக்கியவர், தம் வீட்டுப் பின்முற்றத்துக் கட்டைகளை மட்டும் விதிக்கு வெளியே நிறுத்தினார். தாமே சோதித்த மரம் என்னும் எண்ணம் அவர் கண்ணை மறைத்தது. ஒரு பாதுகாப்புக்கென்று தார்ப்பாயால் நாற்புறமும் மூடி, கயிற்றால் இறுகக் கட்டிவைத்தார்.

பின்முற்றம் எட்டுக் குடித்தனத்துக்கும் பொது. தரைத்தளத்திலிருந்த விதவை பர்டியம்மா அதன் அறிவிக்கப்படாத அரசி.

"என்னப்பா லம்ஸ்டன், நான் துணி காயப்போடற எடத்துல பொணத்தைக் கட்டிவெச்சாப்ல என்னத்தையோ வெச்சிருக்கே?"

"கட்டைங்க, பர்டியம்மா. ரெண்டு வருஷத்துல எடுத்துடுவேன்."

"ரெண்டு வருஷமா? அதுக்குள்ள என்னையே எடுத்துடுவாங்க."

மே மாதத்தில் நெட்டா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து ஆறு வாரம் மருத்துவமனையில் கிடந்தார். ஹெக்டருக்கு வேலைக்கும் மருத்துவமனைக்கும் நடக்கவே நேரம் போதவில்லை. அந்த நாள்களில் கடற்காற்று தார்ப்பாயின் ஒரு மூலையை அவிழ்த்துவிட்டிருந்தது. ஜூன் கடைசியில் அதைக் கண்டவர், குனிந்து உள்ளே பார்க்காமலேயே கயிற்றை மறுபடி முடிந்துவிட்டு, நெட்டாவுக்குச் சூப்பு வைக்கப் படியேறினார்.

அந்த ஆண்டு ஒன்றும் நேரவில்லை. குளிர்காலம் வந்தது, போனது. வசந்தத்தில் பத்தொன்பது மரங்களும் துளிர்த்தன. ஏழாவது வழக்கம்போல ஒரு வாரம் பிந்தியது.

ஜூலையின் இரண்டாம் ஞாயிறு. ஹெக்டர் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். நெட்டா முக்காலியில் அமர்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹெக்டர், ஆறாவது மரத்துல ஒரு கொப்பு மஞ்சளாத் தெரியுது."

"வெயில் பட்டிருக்கும்."

"லீத்துல ஏது அவ்வளவு வெயில்? நல்லா எழுந்து பாரு. உச்சியில, வலதுபக்கம்."

அவர் உடனே எழவில்லை. எழுந்தால் தெரிந்துவிடும் என்பதால் கோப்பையில் மிச்சமிருந்த தேநீரை மெல்ல மெல்லக் குடித்தார். பிறகு எழுந்து, மனைவியின் தோளுக்கு மேலாகப் பார்த்தார். இருபத்தேழு ஆண்டுப் பழக்கமுள்ள கண்ணுக்கு ஒரு பார்வையே போதுமானதாக இருந்தது.

"காத்துல ஒடிஞ்சிருக்கும். போய்ப் பாத்துட்டு வர்றேன்."

கழியை எடுத்துக்கொண்டு இறங்கினார். சுள்ளி விழுந்தது, கத்தி சீவியது, பழுப்புக் கோடுகள் ஓடியிருந்தன. அவர் கணக்கிட்டார். அந்த ஆண்டு நகரத்தில் நோய் கண்ட மரங்களுள் மிக அருகிலிருந்தது ஒன்றரை மைல் தொலைவில். அந்த வண்டு அத்தனை தூரம் பறந்து, இடையிலுள்ள மரங்களையெல்லாம் விட்டுவிட்டு, இங்கே வந்து இறங்காது. அப்படியானால் அது பக்கத்திலேயே எங்கோ பிறந்திருக்க வேண்டும்.

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்முற்றத்துக்குப் போனார். கயிற்றை அறுத்துத் தார்ப்பாயை விலக்கினார். ஐந்து கட்டைகளின் பட்டையும் சல்லடைக் கண்களாக இருந்தது. விரல் வைத்ததும் ஒரு பெரிய துண்டு கழன்று கையோடு வந்தது. அதன் உட்புறத்தில், நடுவே ஒரு தடித்த கோடும் இரு மருங்கிலும் எண்ணற்ற மெல்லிய கோடுகளுமாக, பூரான் ஒன்றை வரைந்து வைத்தாற்போன்ற வண்டுத்தடம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் காட்டுவதற்கென்றே ஒன்று அலுவலகத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. அதைவிட இது தெளிவாக இருந்தது.

கட்டைகளை அன்று பிற்பகலே பிளந்து, இரும்புப் பீப்பாயில் போட்டு எரித்தார். எரிப்பதால் இனிப் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும்; வண்டுகள் மே மாதத்திலேயே வெளியேறிப் போய்விட்டன. ஆயினும் எரித்தார்.

"நாற்காலி செய்யப்போறேன்னு சொன்னே?" என்றார் பர்டியம்மா, புகை ஏறாமல் துண்டால் மூக்கைப் பொத்தியபடி.

"உளுத்துப்போச்சு."

"ஒன்றரை வருஷமா எனக்குத் துணி காயப்போட எடமில்ல. கடைசியில சாம்பலுக்காக."

மறுநாள் செங்காவின் குழு வந்தது. எல்ம் மரங்கள் நெருங்கி நின்றால் மண்ணுக்கடியில் வேரோடு வேர் ஒட்டிக்கொள்ளும். நோய் அந்த வழியாகவும் நடந்துபோகும். ஆகவே ஆறாவதையும், முன்னெச்சரிக்கையாக ஐந்தாவதையும் ஏழாவதையும் வெட்டிவிட்டு, இருபுறமும் ஆளுயரப் பள்ளம் தோண்டி வேர்களைத் துண்டித்தார்கள். மீதிப் பதினாறையாவது காப்பாற்ற அது ஒன்றுதான் வழி. ஹெக்டர் தாமே பள்ளத்தில் இறங்கி, இயந்திரம் விட்டுவைத்த வேர்களைக் கோடரியால் வெட்டினார்.

"நீ ஏன்யா எறங்குற? அறுபதை நெருங்குற ஆளு" என்றார் செங்கா மேலிருந்து.

"ஒரு வேர் விட்டுப்போனாலும் எல்லாம் வீண்."

"எங்கிருந்து வந்திருக்கும்னு நெனைக்கிற? ஒரு மைலுக்குக் கிட்ட ஒண்ணுமே இல்லையே."

கோடரி நின்றது. "தெரியல" என்றார் ஹெக்டர்.

வெட்டப்படும் ஒவ்வொரு மரத்துக்கும் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. இடம், தேதி, தண்டின் சுற்றளவு, நோய் வந்த மூலம். அன்று மாலை மூன்று மரங்களைப் பதிந்தார். மூலம் என்னும் பத்தியில் மூன்று முறை 'தெரியவில்லை' என்று எழுதினார்.

பிறகு காத்திருப்பு. காலையில் வேலைக்குப் போகுமுன் ஒருமுறையும் மாலையில் திரும்பியதும் ஒருமுறையும் அவர் வரிசையின் கீழே நடந்தார். மாடியிலிருந்து நெட்டாவும் பார்த்தார். சாப்பாட்டின்போது இருவரும் எதைப் பேசினாலும் மரங்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஜூலை முடியும்வரை பதினாறும் பச்சையாகவே நின்றன. ஒரு மாலை, ஹெக்டர் தம்மையறியாமல் படியேறும்போது சீழ்க்கையடித்தார்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி பதினோராவது மரத்தில் கொடி ஏறியது. மஞ்சள் கொப்பை அத்துறையினர் அப்படித்தான் சொல்வார்கள். பதினான்காம் தேதி இரண்டாவதிலும் பன்னிரண்டாவதிலும். மாத முடிவில் ஒன்பது மரங்கள். பள்ளமும் கோடரியும் வேரின் வழியைத்தான் அடைத்தன. மே மாதத்தில் பறந்துபோன வண்டுகள் வரிசை முழுவதிலும் உச்சிச் சுள்ளிகளைக் கொறித்துத் தம் வேலையை முடித்துவிட்டிருந்தன. செப்டம்பர் நடுவில், பச்சையாக மிஞ்சியிருந்த கடைசி நான்கிலும் ஹெக்டர் ஏறிச் சோதித்தார். நான்கிலும் பழுப்பு.

அந்த ஆகஸ்டில் நகரெங்கும் வெட்டு வேலை குவிந்து குழு வர முடியாமற்போனதால், பதினாறு மரங்களுக்கும் ஒரே காலையில் குறியிட வேண்டியிருந்தது. வேறு ஆளை அனுப்புவதாகச் செங்கா சொன்னார், ஹெக்டர் மறுத்துவிட்டார். இடக்கோடியில் தொடங்கினார். மூன்றாம் மாடி ஜன்னலில் நெட்டா இருப்பதை நிமிர்ந்து பாராமலேயே அவர் உணர்ந்தார். மார்பளவு உயரம், இரண்டு கோடுகள், அடுத்த மரம். வண்ணப் புட்டி பத்தாவது மரத்தில் தீர்ந்துபோயிற்று. இன்னொன்றை எடுத்துக் குலுக்கினார். பதினான்காவதன் அடியில் பள்ளி செல்லும் ஒரு சிறுமியும் அவளுடைய தாயும் நின்றார்கள்.

"எல்லாத்தையுமா?" என்றார் அந்தத் தாய்.

"எல்லாத்தையும்தாங்க."

"உங்களுக்கு மனசே வலிக்காதா?"

வழக்கமாகச் சொல்ல அவரிடம் ஒரு பதில் இருந்தது. ஒன்றை வெட்டினால் பத்து பிழைக்கும் என்பது. இங்கே அதைச் சொல்வதற்கு ஒரு மரமும் மிச்சமில்லை. அவர் புட்டியைக் குலுக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தொப்பியைக் கழற்றாமலே நெட்டாவின் எதிரில் நின்றார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அந்தக் கட்டையைப் பத்தியா?"

ஹெக்டர் தோள்பையைத் தரையில் இறக்கி வைத்தார்.

"அடுப்படி ஜன்னல் பின்முற்றத்தைப் பாத்துதானே இருக்கு" என்றார் நெட்டா. "பொகை வாசம் வந்துச்சு, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போய் எட்டிப் பாத்தேன். நாற்காலிக்குன்னு ஒன்றரை வருஷம் பொத்திப் பொத்தி வெச்ச கட்டையை, ஆறாவது மரத்தைப் பாத்துட்டு வந்த அதே மத்தியானம் எவனாவது கொளுத்துவானா? இருபத்தேழு வருஷமா வண்டு கதை கேட்டவ நான்."

"அன்னிக்கே தெரியுமா?"

"அன்னிக்கே."

"ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். ஒம்பது வாரம் பாத்தேன், ஹெக்டர்."

"உனக்காகத்தான் நான்..."

"அதை மட்டும் சொல்லாதே." நெட்டாவின் குரல் உயரவில்லை. "எனக்காகன்னு நீ சொன்னா, நானே வெட்டுன மாதிரி ஆயிடும். அது எனக்கு வேண்டாம். அது உன்னோடதாவே இருக்கட்டும்."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எங்கே அமர்வதென்று தெரியவில்லை.

"ஆபீசு புத்தகத்துல என்ன எழுதுனே?"

"தெரியலைன்னு."

"இன்னும் பதினாறு எழுதணுமில்ல?"

"ம்."

"பாத்து எழுது."

வெட்டுவதற்கு ஐந்து நாள்கள் ஆயின. இரம்பச் சத்தம் ஜன்னல் கண்ணாடியை அதிரச் செய்துகொண்டே இருந்தது. நெட்டா முதல்நாள் முழுவதும் முக்காலியில் அமர்ந்து பார்த்தார். இரண்டாம் நாள் சாய்வு நாற்காலிக்கு மாறினார். மூன்றாம் நாள் படுக்கையைவிட்டு எழவில்லை. ஆறாம் நாள் காலையில் திடல் மழித்தெடுத்த தலைபோல் கிடந்தது. பர்டியம்மா கையில் இஞ்சிக் கேக்கோடு அறுபத்துநான்கு படியும் மூச்சிரைக்க ஏறிவந்தார். அவர் அந்த வீட்டுக்குள் வருவது அதுவே முதல்முறை.

"அடேயப்பா, என்ன ஒரு காட்சி பாரு நெட்டா. ஆர்தர் சீட் முழுசாத் தெரியுது. அங்க கால்ட்டன் குன்று, உச்சியில நிக்கற தூணுங்களைக்கூடத் தெளிவா எண்ணலாம். கோட்டைக்கொடியும் தெரியுது. இதுக்காக உலகத்துல எங்கெங்கேருந்தோ வர்றாங்க. உனக்கு வீட்டுக்குள்ளேயே வந்திருக்கு."

"அதையே இருபத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் காட்டினேன், பர்டியம்மா. ஒரு நாளைக்கு ஆறு தடவை."

"அப்ப உனக்குத் தெரிஞ்ச முகந்தானே. நல்லதுதானே."

"கேக்கை அங்க வைங்க" என்றார் நெட்டா. பர்டியம்மா இறங்கிப் போனதும், "ஹெக்டர், திரையை எறக்கு" என்றார்.

ஹெக்டர் இறக்கினார். பிறகு அலுவலகத்துக்குப் போனார். ஜூலை மாதத்து மூன்று வரிகளிலும் 'தெரியவில்லை' என்பதை ஒரு கோட்டால் அடித்தார். பத்தொன்பது வரிகளிலும், ஒவ்வொன்றாக, தெளிவான கையெழுத்தில் எழுதினார்: 'பட்டை உரிக்காமல் வைத்திருந்த ஐந்து எல்ம் கட்டைகள். வைத்திருந்தவர் எச். லம்ஸ்டன், மர ஆய்வாளர்.' கீழே தேதியிட்டார்.

அதன் பிறகு அவர் அழைப்புக்காகக் காத்திருந்தார். விசாரணை இருக்கும், வேலை போகலாம், செய்தித்தாளில் பெயர் வரலாம். மூன்று வாரங்கள் கழிந்தன. ஒருவரும் அழைக்கவில்லை. அக்டோபர் கடைசியில் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்தக் கோடையில் நகரம் இழந்த எல்ம் மரங்களின் மொத்த எண்ணிக்கையும், விரைந்து செயலாற்றியமைக்கு நன்றியும் அதில் இருந்தன.

செங்கா வண்டிக் கொட்டகையில் இரம்பச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஹெக்டர் கடிதத்தை நீட்டினார்.

"மூலம்னு இருக்கற பத்தியை அங்க யாரும் படிக்கிறதில்லய்யா. எத்தனை மரம்னு மட்டும் கூட்டிக்கிட்டுப் போறாங்க."

"நீ படிச்சியா?"

"படிச்சேன்." செங்கா சங்கிலியைத் திருப்பிப் போட்டார். "கட்டையை வண்டியில ஏத்திவிட்டவ நான். அதை ஏன் எழுதல?"

"நீ உரிக்கச் சொன்னே."

"சொல்லிட்டு ஏத்திவிட்டேன். அதுவும் ஒரு சொல்லா?"

தண்டனை என்று ஒன்று கிடைத்திருந்தால் அதன் மறுகரையில் ஏதேனும் இருந்திருக்கும் என்று ஹெக்டருக்குத் தோன்றியது. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதை நெட்டாவிடம் காட்டவில்லை.

நவம்பரில் திடலில் புதுக்கன்றுகள் நட்டார்கள். எல்ம் இல்லை; வேறு இனம். கட்டைவிரல் பருமன், ஒவ்வொன்றுக்கும் முட்டுக்கழியும் முயல் கடிக்காதிருக்கப் பிளாஸ்டிக் உறையும். ஹெக்டர் அன்று விடுப்பெடுத்துக்கொண்டு, யாரும் கேளாமலே, பத்தொன்பது குழிகளுக்கும் நீர் ஊற்றினார். வீடு திரும்பியபோது நெட்டா அடுப்படியில், சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்ட சாய்வு நாற்காலியில் இருந்தார். இப்போது அவருடைய பகல்கள் அங்கேதான் கழிந்தன.

"நட்டுட்டாங்க" என்றார் ஹெக்டர்.

"மேலேருந்து தெரியுமா?"

"தெரியாது."

"எப்பத் தெரியும்?"

எத்தனையோ பேர் அவரிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். பூங்காக்களில், குன்றுகளில், ஆற்றங்கரையில், அழுதுகொண்டு நின்ற பெண்களிடமெல்லாம் அவர் ஒருநாளும் கணக்கைக் குறைத்துச் சொன்னதில்லை. இப்போது குறைத்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் நின்றார்.

"மூணாம் மாடி ஒசரத்துக்கு வர நாப்பது வருஷமாகும்."

நெட்டாவுக்கு வயது அறுபத்தொன்று. அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியை இன்னும் சற்றே சுவரின் பக்கம் நகர்த்தினார்.

"கை காலெல்லாம் சேறு. அங்கேயே நிக்காதே" என்றார். "கழுவிட்டு வா."